பாட்டி சொன்ன கதையும் சாட்சிதான்

(காம்பாரில் நடந்த குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மைக்கைப் பிடித்தால் வழக்கு, மனு, மகஜர் என்றுதான் பேசுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். இன்று ஒரு நாவலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

மஹாட் அனாக் சீனா என்பவர் நம் பேராக் மாநிலத்துச் செமாய் பூர்வகுடிக்காரர். அக்கியா என்ற புனைப்பெயரில் எழுதுகிறார். 2007-இல் 'பெராங் சங்கில்' என்ற வரலாற்று நாவலை மலாய் மொழியில் வெளியிட்டார். அடிமை பிடிக்க வந்தவர்களை எதிர்த்துச் செமாய் மக்கள் நடத்திய போர்தான் கதை. பேராக்கில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1883 இறுதியில். அதற்கு முன்பு இந்த மலைக் கிராமங்களுக்குள் புகுந்து, ஆண்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் இழுத்துப் போனார்கள். அந்தப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் எந்த அலுவலகத்தில் இருக்கும்? தாத்தா பாட்டிமார் வாய்வழியாகச் சொன்னதால்தான் அது இன்றைக்கு நாவலாகி நிற்கிறது.

நமக்கும் அப்படி ஒன்று உண்டு. 1942, 43-இல் ஜப்பான்காரன் 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட நம் தோட்டத்து ஆட்களைச் சயாமுக்குக் கொண்டு போனான். போனவர்களில் பலர் திரும்பவில்லை. அந்தத் துயரத்தை ஆர். சண்முகம் 1993-இல் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலாக எழுதினார். அவர்கள் கதையை அவர்கள் எழுதினார்கள், நம் கதையை நாம் எழுதினோம். இரண்டு கதையும் ஒரே வீட்டுக்குள் இருந்தால் என்ன செய்வது?

சில காலத்துக்கு முன் ஓர் அம்மா என்னைப் பார்க்க வந்தார். அறுபதைத் தாண்டியவர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து பால் வெட்டியவர். பழைய பிறப்புப் பத்திரம் ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "தம்பி, எங்க பாட்டி சக்காய்ங்க. வெளிய சொல்லிடாதீங்க" என்றார்.

அந்தச் சொல்லை நாமும் லயத்தில் வசையாகப் பயன்படுத்தியவர்கள்தான். அடிமை, ஏவலாள் என்ற பொருள் அதற்கு. அரசாங்கமே அதை விட்டுவிட்டு 'ஓராங் அஸ்லி' என்று சொல்லத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. நம் வாய்தான் இன்னும் விடவில்லை. "பாட்டி செமாய் என்று சொல்லுங்கள் அம்மா. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை" என்றேன்.

அடுத்து அவர் கேட்டார்: "அப்படின்னா எங்களுக்கு நிலம் கிடைக்குமா தம்பி?"

கிடைக்காது என்றுதான் சொன்னேன். 1954-ஆம் ஆண்டு பூர்வகுடியினர் சட்டம், 3-ஆம் பிரிவு, யார் பூர்வகுடி என்று சொல்கிறது. தாய் பூர்வகுடி, தகப்பன் வேறு இனம் என்றால், பிள்ளை அவர்கள் மொழியைப் பேசி, அவர்கள் பழக்கவழக்கத்தோடு, அந்தச் சமூகத்திலேயே இருக்க வேண்டும். இந்த அம்மாவின் தாயார் லயத்தில் தமிழ் பேசி வளர்ந்தவர். அதே பிரிவில் இன்னொன்றும் உண்டு. கைக்குழந்தையாகத் தத்தெடுத்து அவர்களோடு வளர்ந்த பிள்ளை எந்த இனமானாலும் பூர்வகுடிதான். ஆக, இரத்தம் மட்டும் போதாது, சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். அவர்கள் போராடிப் பெறும் உரிமையில் நாம் பங்கு கேட்கக் கூடாது.

அப்படியானால் பாட்டி கதையால் என்ன பயன்? இருக்கிறது.

டெங்கிலில் தெமுவான் மக்களிடமிருந்து 38 ஏக்கர் நிலத்தை விமான நிலைய நெடுஞ்சாலைக்காக 1995-இல் எடுத்தார்கள். மரத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் காசு, மண்ணுக்கு இல்லை என்றார்கள். சாகோங் தாசியும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். 2002-இல் ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் நிலமும் அவர்களுடையதே என்றது; 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வாய்மொழி வரலாற்றையும், சாட்சியச் சட்டத்தின் வரம்புக்குள், ஏற்கலாம் என்று அந்த உயர் நீதிமன்றம் சொன்னது.

இப்போது யோசியுங்கள். தோட்டம் வருவதற்கு முன் இந்த மலையடிவாரக் காட்டில் நடமாடியவர்கள் யார்? செமாய் மக்கள். காட்டை வெட்டியது நம் பாட்டன் கை. வெட்டச் சொன்னவன் துரை. கம்பத்து டுரியான் மரம் எங்கே நின்றது, புதைகுழி எந்தப் பக்கம் என்று அந்தப் பாட்டி தன் மகளிடம் சொல்லியிருந்தால், அது செமாய் மக்களுக்கு நாளைக்கு உதவக்கூடிய சாட்சி. நம் வீட்டில் கிடக்கும் அவர்கள் சொத்து.

அதனால் மூன்று வேலை சொல்கிறேன்.

ஒன்று, வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் இந்த வாரமே கேளுங்கள். யார் சொன்னது, யாரிடம் கேட்டது, எந்தத் தோட்டம், என்ன தேதியில் எழுதினோம் என்று எல்லாவற்றையும் குறியுங்கள். இறந்தவர் உறவுமுறை பற்றிச் சொன்னது, தகராறு கிளம்புவதற்கு முன் சொன்னதாக இருந்தால்தான் சாட்சியச் சட்டம் 32-ஆம் பிரிவின்படி எடுபடும். வழக்கு வந்த பிறகு தேடினால் பயனில்லை.

இரண்டு, பழைய பிறப்புப் பத்திரம், சம்பளக் கார்டு, பள்ளிச் சான்றிதழ் எதையும் வீசாதீர்கள்.

மூன்று, இளைஞர்களுக்கு. கதை எழுதுங்கள், நாவலும் எழுதுங்கள். பாட்டி என்ன நினைத்திருப்பாள், லயத்துக்கு வந்த முதல் ராத்திரி அழுதாளா என்பதைக் கற்பனைதான் சொல்ல முடியும். ஆனால் கேட்டறிந்தது ஒரு நோட்டில், கற்பனை இன்னொரு நோட்டில் இருக்கட்டும். இரண்டும் கலந்தால் நீதிமன்றத்தில் நம் உண்மையையும் கதை என்று சொல்லிவிடுவார்கள்.

அந்த அம்மா போகும்போது பேத்தியிடம் இதையெல்லாம் சொல்லலாமா என்று கேட்டார். "நீங்கள் சொல்லாவிட்டால் வேறு யாருக்கும் தெரியாது" என்றேன். மறுமுறை வந்தபோது பேத்தியையும் அழைத்து வந்தார். அவள் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. முதல் பக்கத்தில் பாட்டியின் பாட்டி பெயர்.

உங்கள் வீட்டிலும் அந்த நோட்டு தொடங்கட்டும்.