இடி எந்த வாசல் வழியாக வந்தது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

எனக்கு முன்னால் பெரிய பதவிகளில் இருக்கும் நண்பர்கள் பேசினார்கள். நான் குமாரபாளையத்தில் டிவி ரிப்பேர் பார்க்கிறவன். தெரிந்ததைத்தானே பேச முடியும்? அதனால் இடி விழுந்து கெட்டுப்போன டிவியைப் பற்றியே பேசுகிறேன்.

சித்திரை, வைகாசிக் கோடை மழையும் ஐப்பசி அடைமழையும் எங்களுக்கு சீசன். ராத்திரி இடி இடித்தால், காலையில் கடை திறக்கும் முன்பே ஆள் நிற்கும். "ஏனுங்ண்ணா, ராத்திரி இடியில டிவி போயிருச்சுங்க. ஆனா இடி எங்கூட்டு மேல உழுகலீங்களே!" என்பார்கள்.

இந்தக் கேள்விக்குப் பதில் நாம் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பாடத்தில் இருக்கிறது. மாறும் காந்தப்புலம் பக்கத்துக் கம்பியில் மின்னழுத்தத்தை உண்டாக்கும் என்று 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்தார். மின்னலில் பல்லாயிரம் ஆம்பியர் மின்சாரம் ஒரு சில மைக்ரோ வினாடிக்குள் எழும்புகிறது. நம் ஊரிலோ தறிக்குடோனுக்குத் தறிக்குடோன் கரண்டுக் கம்பி ஓடுகிறது. மொட்டை மாடிக்கு மொட்டை மாடி கேபிள் தொங்குகிறது. இடி காவிரிக்கு அந்தப் பக்கம் பவானியில் விழுந்தாலும், அந்த நீளக் கம்பிகள் அதிர்ச்சியை வாங்கி வீட்டுக்குள் கொண்டு வந்துவிடும்.

ஆகவே நான் முதலில் கேட்பது, "இடி எந்த வாசல் வழியா வந்துச்சு?" என்றுதான். டிவிக்கு இரண்டு வாசல். ஒன்று கரண்டு பிளக். மற்றது ஆன்டெனா அல்லது கேபிள். அந்தக் காலத்தில் கொடைக்கானல் ஒளிபரப்பை எடுக்க உயரமான இரும்புக் குழாயில் ஆன்டெனா கட்டினோம். அது இடிக்கு நாமே வைத்த ஏணி. அந்த வழியில் வந்தால் ட்யூனர் போகும். சில சமயம் மெமரி ஐ.சி.யும் சேர்ந்து போகும். இன்றைய எல்.இ.டி. டிவியில் செட்டாப் பாக்ஸைத் தாண்டி எச்.டி.எம்.ஐ. வழியாக மெயின் போர்டுக்கே வந்துவிடும்.

பிளக் வழியாக வந்திருந்தால் ஃபியூஸ் கருகியிருக்கும். அதன் அருகே சின்ன வட்ட வில்லை போல எம்.ஓ.வி. என்று ஒன்று வெடித்திருக்கும். அளவுக்கு மேல் அழுத்தம் வந்தால் அது தானே வழிவிட்டு, அதிர்ச்சியைத் தன் மேல் வாங்கிக் கொள்ளும். அது செத்ததால் உள்ளே இருப்பது பிழைத்திருக்கலாம். அதனால்தான் ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றக் கூடாது என்கிறேன்.

மாணவர்கள் ஒன்றை எழுதி வைத்துக் கொள்ளுங்கள். செட்டைத் திறந்ததும் பெரிய கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்யுங்கள். 230 வோல்ட் உள்ளே டி.சி.யாக மாறும்போது 325 வோல்ட் வரை நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அடிக்கும். பிறகு டயோடுகளையும் ஸ்விட்சிங் டிரான்சிஸ்டரையும் மீட்டரில் பாருங்கள். பழுதானதை மாற்றியதும் நேரே கரண்டு கொடுக்காதீர்கள். 100 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரியஸில் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து அப்படியே நின்றால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. ஒரு மின்னு மின்னி மங்கினால் பிழைத்தது. ஒரு சாதாரண பல்பு விலை கூடிய சாமானைக் காப்பாற்றும்.

2006-ல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கிய பிறகு தறி ஓட்டுகிறவர்கள் வீட்டுக்கும் 14 அங்குல டிவி வந்தது. ஒரு கோடையில் ஒரு அக்கா அப்படி ஒரு செட்டைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். வேறொரு கடையில் "போர்டே போச்சு, தூக்கிப் போடுங்க" என்று சொல்லிவிட்டார்களாம். திறந்து பார்த்தேன். ஃபியூஸ், எம்.ஓ.வி., இரண்டு டயோடு; அவ்வளவுதான். மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்த்துக் கொடுத்தேன். ஒரு வாரச் சம்பளம் அவருக்கு என்ன என்பது நமக்குத் தெரியும். அதே சமயம் மெயின் போர்டு உண்மையிலேயே வெந்திருந்தால், "செலவு பண்ணாதீங்க" என்று சொல்லவும் வேண்டும். இரண்டையும் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இன்று போர்டையே மாற்றுவது சுலபமாகிவிட்டதால், இந்தச் சோதிக்கும் பழக்கம் குறைந்து வருகிறது. எனக்கு அதுதான் கவலை.

ரிப்பேரை விட முக்கியமான ஒன்று இருக்கிறது. வானம் கறுக்கும்போதே பிளக்கையும் கேபிளையும் கழற்றி வையுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. அந்தச் சின்ன இடைவெளியை இடி தாண்டிவிடும். மொட்டை மாடியில் இடிதாங்கி இருந்தாலும் அது கட்டிடத்தைக் காக்கும். கம்பி வழி வருவதைத் தடுக்காது. மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் நடுவே 30 வினாடிக்குள் என்றால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு பிளக்கையும் தொடாதீர்கள். கேபிளைக் கழற்ற மாடிக்கும் ஓடாதீர்கள். 2022-ல் மட்டும் இந்தியாவில் இடி மின்னலுக்கு 2,887 பேர் பலியானதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. டிவி போனால் என்னைப் போல் ஒருவன் பார்த்துக் கொள்வான். ஆள் போனால் ரிப்பேர் கிடையாது.

படிக்கிற பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் உங்கள் தெருவில் நாலு வீட்டுக்குப் போய், எர்த் கம்பி எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். பல வீட்டில் அது சுவரோடு நின்றிருக்கும். உடனே ஒரு நல்ல வயர்மேனிடம் சொல்லிச் சரி செய்யச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் கடைக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.