எரிவாயுவில் ஓடிய கார்கள்

(கிளமெண்டிப் பேட்டைக் குடியிருப்பாளர்களிடையே ஆற்றிய உரை)



வாகன உரிமைச் சான்றிதழின் காலம் முடியும் தறுவாயிலுள்ள கார்கள் நம் பேட்டையில் பல உண்டு. அடுத்து வாங்கத்தக்கது மின்காரா, மீண்டும் பெட்ரோல் காரா என்னும் பேச்சு புளோக்கின் கீழ்த்தளத்திலும் காப்பிக் கடையிலும் ஓயாது நடைபெறுகிறது. பெட்ரோலுக்கு மாற்றாக நம் தீவுக்கு முன்னரே ஒருமுறை வந்து, சில ஆண்டுகள் ஓடி, மறைந்துபோன ஒரு வகைக் காரைப் பற்றி இவ்வேளையில் பேசுவது பயனுடையதெனக் கருதுகிறோம். அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவில் ஓடிய கார்தான் அது. சி.என்.ஜி. கார் என்றால் பலருக்கும் எளிதில் விளங்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். சமையலறைக்கு லாரியில் வந்திறங்கும் தோம்பிலுள்ளது பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் திரவ வாயு. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். குழாய் வழியே பல வீடுகளுக்கு வருவது செனோக்கோ ஆலையில் தயாரிக்கப்படும் நகர எரிவாயு. காருக்குரிய இயற்கை எரிவாயு இவ்விரண்டினின்றும் வேறானது. பெரும்பகுதி மீத்தேனாலான அது காற்றைவிட இலேசானது. திறந்த வெளியில் கசிந்தால் மேலெழுந்து கலைந்துவிடும். மலேசியாவிலிருந்து 1992ஆம் ஆண்டிலும், இந்தோனேசியாவின் மேற்கு நத்துனாவிலிருந்து 2001ஆம் ஆண்டிலும் குழாய் வழியே நமக்கு வரத் தொடங்கிய இவ்வாயு, மின் நிலையங்களுக்கும் தொழிற்சாலைகளுக்குமே பெரிதும் பயன்பட்டு வருகிறது.

அதனைக் காரில் ஏற்றுவதற்கு ஏறத்தாழ 200 மடங்கு வளிமண்டல அழுத்தத்துக்கு நெருக்க வேண்டும். கார் டயரிலுள்ள காற்றழுத்தத்தைப்போல் அது சுமார் நூறு மடங்காகும். அவ்வழுத்தத்தைத் தாங்கவல்ல கனத்த உருளை காரின் பின்பெட்டியில் பாதி இடத்தையேனும் பிடித்துக்கொள்ளும். பெருநாளுக்குத் தேக்காவில் சாமான் வாங்கிவரும் குடும்பத்துக்கு இது சிறிய இடைஞ்சல் அன்று! அத்துணை நெருக்கியும், அதே கொள்ளளவுள்ள பெட்ரோல் தரும் ஆற்றலில் கால் பங்களவே கிடைக்கும். ஆகவேதான் பெட்ரோல் தொட்டியையும் வைத்துக்கொண்டு, ஒரு விசையைத் தட்டி எரிபொருளை மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டுடன் இக்கார்கள் ஓடின. எடைக்கு எடை பார்த்தால் இவ்வாயு சிறந்ததே. ஒரு கிலோ எரிவாயு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்கு நிகரான ஆற்றல் தரும். புகையும் குறைவு, கரியமில வாயுவும் குறைவு. எஞ்சினைப் பொறுத்தவரை குறை சொல்வதற்கு அதிகமில்லை என்பதே நம் கருத்து.

அடைக்குமிடத்தில்தான் சிக்கல் தோன்றியது. நம் நாட்டின் முதல் சி.என்.ஜி. நிலையம் 2002ஆம் ஆண்டில் ஜூரோங் தீவில் தொடங்கப்பெற்றது. அதுவோ அனுமதிச் சீட்டின்றி எவரும் நுழைய இயலாத காப்பிடம். அவ்வாண்டில் எஸ்பிஎஸ் டிரான்சிட் நிறுவனம் 12 எரிவாயுப் பேருந்துகளைச் சேவையில் இறக்கியது. மண்டாயில் 2008ஆம் ஆண்டில் நிலையம் வந்தபின்னரே டாக்சி ஓட்டுநரும் சொந்தக் கார் வைத்திருப்போரும் பெருமளவில் இவ்வாயுவை நாடினர். நம் பேட்டைக்கு அணித்தாயுள்ள ஓல்டு தோ டக் சாலையிலும் ஒரு நிலையம் அமைந்தது. ஆயினும், தீவு முழுவதிலுமிருந்த நிலையங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். பெட்ரோல் நிலையத்துக்கு எண்ணெய் லாரி வந்தால் போதும். எரிவாயு நிலையத்துக்கோ இயற்கை எரிவாயுக் குழாய் அருகில் செல்ல வேண்டும்; அழுத்தும் இயந்திரமும் அதற்குரிய நிலமும் வேண்டும். நிலையம் குறைவென்பதால் கார் பெருகவில்லை; கார் பெருகாமையால் மேலும் நிலையம் கட்டுவோருக்குத் துணிவு பிறக்கவில்லை.

சலுகைகளுக்கும் காலக்கெடு இருந்தது. பசுமை வாகனக் கழிவுத் திட்டத்தின்கீழ், காரின் திறந்த சந்தை மதிப்பில் 40 விழுக்காட்டளவு பதிவுக் கட்டணத்தில் கழிக்கப்பட்டது. கிலோவுக்கு 20 காசுத் தீர்வை 2012 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டின் இறுதியில் கழிவுத் திட்டமும் முடிவுற்று, கரிம வெளியீட்டை அளந்து கழிவோ மேல்வரியோ விதிக்கும் திட்டம் அதனிடத்தைப் பெற்றது. புதிதாக வாங்குவோர் அருகினர். முன்னர் வாங்கியோரின் உரிமைச் சான்றிதழ்கள் பத்தாண்டு நிறைந்து முடிய முடிய, கார்களும் சாலையை விட்டு அகன்றன.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. நியூசிலாந்தில் 1979ஆம் ஆண்டில் தொடங்கி அரசு ஊக்கமளித்ததால், 1980களின் நடுப்பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் எரிவாயுவில் ஓடின. ஊக்கம் நின்றதும் சில ஆண்டுகளில் அத்தொழிலே சுருங்கிற்று. அண்டை நாடான மலேசியா, உருளைகளின் பாதுகாப்பான ஆயுள் சுமார் 15 ஆண்டுகளே என்பதைக் காரணங்காட்டி, எரிவாயு வாகனத் திட்டத்தை 2025 ஜூலை முதல் நாளில் முடித்துக்கொண்டது. தில்லியின் கதை வேறு. இந்திய உச்ச நீதிமன்றம் 1998 ஜூலையில் ஆணையிட்டதன் விளைவாக, 2002 முடிவுக்குள் அந்நகரப் பேருந்துகள் அனைத்தும் எரிவாயுவுக்கு மாறின. தொடக்கத்தில் ஆட்டோக்கள் மணிக்கணக்கில் வரிசைபிடித்துக் கிடந்தது உண்மையே. எனினும், ஆணை தளராததால் குழாயும் நிலையமும் நகரெங்கும் பரவின. அங்குச் சொந்தக் காருக்கும் எரிவாயு எளிதில் கிடைக்கிறது.

இனி நம் பேட்டைக்கு வருவோம். 2030ஆம் ஆண்டு முதல் புதிதாகப் பதியப்படும் கார்கள் யாவும் தூய்மையான எரிசக்தியில் ஓடுவனவாக இருத்தல் வேண்டும். அதே ஆண்டுக்குள் தீவெங்கும் 60,000 மின்னேற்று முனைகள் அமைப்பது அரசின் இலக்கு. மின்சாரம் எல்லா புளோக்குகளுக்கும் முன்னரே வந்துவிட்டது. எரிவாயுவுக்கு இந்த வாய்ப்பு அமையவில்லை. எனினும், கார் வாங்க முன்பணம் கட்டுமுன் உங்கள் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்துக்கு இரவு பத்து மணியளவில் ஒருமுறை சென்று பாருங்கள். எத்தனை முனைகள் உள்ளன, அவற்றில் எத்தனை காலியாக இருக்கின்றன, எத்தனை பழுதின்றி இயங்குகின்றன என்பதை அந்நேரத்தில்தான் அறிய முடியும். மின்கார்களை முன்கூட்டி வாங்குவோருக்கான ஊக்கச் சலுகை 2026 டிசம்பர் 31ஆம் நாளுடன் முடியுமென அறிவிக்கப்பட்டுள்ளது. ஆகவே, விற்பனையாளர் காட்டும் கணக்கில் சலுகைத் தொகை எவ்வளவு என்று கேட்பதோடு, அத்தொகையை நீக்கிவிட்டால் பத்தாண்டுச் செலவு என்னவாகும் என்பதையும் எழுதித் தரும்படி கேளுங்கள்.