கட்டத்துக்கு ஒரு கோடி



 

வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேளுங்கள். "ரஷ்யாவில் மக்கள் அதிகமா, பங்களாதேஷில் அதிகமா?" பட்டென்று ரஷ்யா என்பான். சுவரில் தொங்கும் படம் அவனுக்கு அப்படித்தான் கற்றுக் கொடுத்திருக்கிறது. உண்மை என்ன? ரஷ்யாவின் பரப்பு 1 கோடியே 71 லட்சம் சதுர கிலோமீட்டர்; மக்கள் ஏறத்தாழ 14 கோடி. பங்களாதேஷின் பரப்பு ஒன்றரை லட்சம்கூட இல்லை; மக்களோ சுமார் 17 கோடி!

நிலத்தைக் காட்டும் படத்தைப் பார்த்து மனிதர்களை எடைபோடப் பழகிவிட்டோம். அந்த நிலக் கணக்காவது சரியா? 1569-இல் மெர்கேட்டர் என்பவர் கடலோடிகளுக்காக வகுத்த முறையில் வரையும் படங்களில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் 14 மடங்கு. கப்பலுக்குத் திசை பிடிக்க அது நல்ல படம்தான். வகுப்பறையில் மாட்டியவர்கள்தான் யோசித்திருக்க வேண்டும். (1154-இல் சிசிலியில் அல்-இத்ரீஸி தயாரித்த படத்தில் தெற்கு மேலே இருந்தது. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.)

ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே பல சமூகங்களாக ஆக்கப்பட்டோம் என்று ஹுஜுராத் அத்தியாயத்தில் ஓதுகிறோம். யார் எங்கே, எத்தனை பேர் என்றே தெரியாமல் எப்படி அறிவது?

ஒரு கிராஃப் தாள் போதும். ஒரு கோடி மக்களுக்கு ஒரு கட்டம். நாடு இருக்கும் திசையை மாற்றாமல் மாணவர்களையே வரையச் சொல்லுங்கள். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் தலா 140-க்கு மேல். இந்தோனேசியாவுக்கு 28. பாகிஸ்தானுக்கு 24. கண்டமாகவே விரிந்து கிடக்கும் ஆஸ்திரேலியாவுக்கு மூன்று கட்டம்கூட நிறையாது. கனடாவுக்கு 4; நம் தமிழ்நாட்டுக்கு 2011 கணக்கெடுப்பின்படியே 7!

அடுத்து வளைகுடா. இங்கேதான் நம் பையன்கள் திகைப்பார்கள், ஏனென்றால் நமக்கு உலகம் என்றாலே வளைகுடாதான். சவூதிக்கு மூன்று கட்டத்துக்குச் சற்று மேல். குவைத்துக்குச் சுமார் அரைக் கட்டம்; அதிலும் பெரும்பகுதி பிழைக்கப் போன வெளிநாட்டவர். உலக முஸ்லிம்களில் அரபு நாட்டவர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். 28 கட்டம் உள்ள இந்தோனேசியாவில் எந்தச் சரக்கு என்ன விலை போகிறது என்று நம் வியாபாரிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

காஸாவுக்கு? 365 சதுர கிலோமீட்டர்; சுவர்ப்படத்தில் புள்ளிகூட விழாது. நம் தாளில் ஐந்தில் ஒரு கட்டம் நிறையும்.

"நாங்கள் இத்தனை கோடி" என்று மார்தட்ட இந்தப் படம் அல்ல, சகோதரர்களே! அந்தப் பேச்சு நமக்கு வேண்டாம். நம் எண்ணிக்கையைக் காட்டிப் பூச்சாண்டி காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஆத்திரப்படாமல் எண்ணைச் சொல்லுங்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 1992-93-இல் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரி 4.4 பிள்ளைகள், 2019-21-இல் 2.4. மற்றச் சமூகங்களைவிட நம்மிடம்தான் அதிகம் குறைந்திருக்கிறது.

உஸ்தாதுமார்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே மக்தபில் தொடங்கட்டும். கிராஃப் தாளும் கலர் பென்சிலும் கடைவீதிக்காரர்கள் பொறுப்பு. வரைந்த படத்தைப் பழைய படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். பழையதைக் கழற்ற வேண்டாம்; இரண்டையும் பார்த்துப் பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும்.