சிம்லாவில் ஒரு சுமைதாங்கி

பிழைப்பின் பொருட்டு வடநாட்டு நகரங்களில் குடியேறிய நம்மவர்க்குச் சிம்லா புதிய பெயரன்று. 1864ஆம் ஆண்டு முதல் ஆங்கிலேய அரசாங்கம் கோடைதோறும் இம்மலைக்கு இடம்பெயர்ந்து வந்தது. முதலில் கல்கத்தாவிலிருந்தும், பின்னர் தில்லியிலிருந்தும் கோப்புகள் மலையேறின. கோப்புகளோடு குமாஸ்தாக்களும் ஏறினார்கள். அவர்களுள் தமிழரும் இருந்தனர். இன்று நாம் அங்கே போவது அலுவலுக்காக அன்று, இளைப்பாறுவதற்காக. தில்லியில் வாழும் நாங்களும் சென்ற கோடையில் அவ்வாறே போனோம். ஆனால் திரும்பும்போது, இளைப்பாறுதல் என்னும் சொல்லுக்கே வேறொரு பொருளைக் கற்றுக்கொண்டு வந்தோம்.

கால்காவிலிருந்து சிம்லாவுக்கு 96 கிலோமீட்டர். 1903இல் திறக்கப்பட்ட குறுகிய இருப்புப்பாதையில், 102 சுரங்கங்களினூடே ரயில் ஊர்ந்து செல்கிறது. கால்கா நிலையம் கடல் மட்டத்துக்குமேல் 656 மீட்டர் உயரத்திலும், சிம்லா நிலையம் 2,076 மீட்டர் உயரத்திலும் உள்ளன. நிலையத்தில் இறங்கிய பின்பும் ஏற்றம் முடிவதில்லை. மலைச் சரிவில் அமைந்த பழைய நகரத்தைப் பல மாடிகள் கொண்ட ஒரு வீடு என்றே சொல்லலாம். உச்சித் தளம் 'ரிட்ஜ்' எனப்படும் திறந்த வெளி. அதற்குச் சற்றுக் கீழே 'மால்' என்னும் பெருந்தெரு. அதற்கும் கீழே நடுக் கடைத்தெரு. அதன் கீழ் 'லோயர் பஜார்'. அடித்தளத்தில் வண்டிகள் ஓடும் கார்ட் ரோடு. தளத்துக்குத் தளம் படிக்கட்டுகள் உண்டு. ஒரு வீட்டின் கூரை, மேலுள்ள சந்தின் தரையோடு சமமாக நிற்பதைப் பல இடங்களில் காணலாம்.

நாங்கள் உச்சியிலிருந்து தொடங்கினோம். ரிட்ஜின் ஓரத்தில் 1857இல் திறக்கப்பெற்ற கிறைஸ்ட் சர்ச் மஞ்சள் நிறத்துடன் நிற்கிறது. குழந்தைகள் குதிரையேறி விளையாடும் அந்த வெளியின் அடியில், நம் காலடியிலேயே, நகரத்துக்கு நீர் வழங்கும் பழைய நீர்த்தேக்கம் ஒன்று இருக்கிறது. சிம்லாவின் நீரில் பெரும்பகுதி கீழேயுள்ள பள்ளத்தாக்குகளிலிருந்து இயந்திரங்களால் மேலேற்றப்படுவது. 2018ஆம் ஆண்டுக் கோடையில் அந்த நீர் குறைந்தபோது, மக்கள் நாட்கணக்கில் குடங்களுடன் வரிசையில் நின்றனர். மலையுச்சியில் தானாக இருப்பது காற்றும் வெயிலுமே. மற்றவையெல்லாம் எவராலோ, எதனாலோ தூக்கிவரப்பட்டவை. இந்த எண்ணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே இறங்கலாம்.

ரிட்ஜும் மாலும் கூடுமிடத்தில் லாலா லஜபதி ராயின் சிலை உள்ளது. அது முதலில் லாகூரில் நின்ற சிலை. பிரிவினைக்குப்பின் 1948இல் இங்கு வந்து சேர்ந்தது. இடம்பெயர்ந்தவர்களாகிய நாங்கள் அதன்முன் சற்று நேரம் நின்றோம். அருகே மாலில் 1887இல் திறக்கப்பட்ட கெயிட்டி நாடக அரங்கு. அதை அமைத்த ஹென்றி இர்வின் என்னும் கட்டடக் கலைஞரே, மறு ஆண்டு முடிவுற்ற வைசிராய் மாளிகையையும் இங்கு அமைத்தவர். சென்னையின் கன்னிமரா நூலகமும் அவர் கைவண்ணமே என்று அறிந்தபோது, அயலூரில் உறவினர் ஒருவரைக் கண்டது போலிருந்தது.

ஆனால் இந்த மாலுக்கு மற்றொரு வரலாறும் உண்டு. ரிட்ஜின் மேலே ஒருகாலத்தில் இந்திய வணிகரின் மேல் கடைத்தெரு இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அது தீக்கிரையான பின், மீண்டும் அங்கே கடை வைக்க இடம் தரப்படவில்லை. கடைத்தெரு கீழே தள்ளப்பட்டது. குறித்த சில நேரங்களில் சுமைகாரர் சுமையோடு மாலில் நடமாடவும் தடை இருந்தது. வைசிராய் போன்ற ஓரிருவர் தவிர வேறெவரும் குதிரை வண்டி ஓட்டக்கூடாது என்பதால், துரைமாரும் சீமாட்டிகளும் மனிதர் இழுத்த ரிக்ஷாக்களிலேயே சென்றனர். ஒவ்வொரு ரிக்ஷாவையும் நால்வரோ ஐவரோ இழுத்தும் தள்ளியும் சென்றார்கள்.

மாலிலிருந்து ஒரு குறுகிய படிக்கட்டின் வழியே லோயர் பஜாருக்கு இறங்கினோம். பத்தே நிமிடத்தில் வேறோர் ஊருக்கு வந்துவிட்டது போன்ற தோற்றம். மளிகைக் கடை, பாத்திரக் கடை, துணிக் கடை, எண்ணெயில் பொரியும் பலகாரத்தின் மணம். இங்கே வண்டி வராது. அரிசி மூட்டையாயினும், எரிவாயு உருளையாயினும், இரும்புப் பீரோவாயினும் கார்ட் ரோட்டிலிருந்து மனித முதுகின்மேல்தான் வர வேண்டும். சுமப்பவர்களுள் காஷ்மீரத்திலிருந்து வருவோர் பலர். அவர்களைக் 'கான்' என்று ஊரார் அழைக்கின்றனர்.

கார்ட் ரோடு வரை இறங்கிவிட்டுத் திரும்ப ஏறுகையில் எங்களுக்கு மூச்சு வாங்கியது. படிக்கட்டின் ஒரு திருப்பத்தில் இடுப்பளவு உயரமுள்ள கல்சுவர் இருந்தது. அதன்மேல் பைகளை வைத்து நாங்களும் சாய்ந்தபடி நின்றோம். அப்போது முதியவர் ஒருவர் முதுகில் இரண்டு பெரிய மூட்டைகளைக் கயிற்றால் பிணைத்துக்கொண்டு ஏறி வந்தார். எங்களருகே வந்து நின்றார், ஒன்றும் பேசவில்லை. வழிதான் வேண்டும் போலும் என்று எண்ணி ஒதுங்கினோம். அவர் அப்பாற் செல்லவில்லை. "பாபுஜி, அந்தச் சுவர்..." என்று மெல்லச் சொன்னார். பிறகே எங்களுக்கு விளங்கிற்று. பைகளை எடுத்தோம். அவர் திரும்பி நின்று, முதுகுச் சுமையை அச்சுவரின்மேல் ஏற்றி வைத்தார். கயிறு தளர்ந்தது. நீண்டதொரு பெருமூச்சு வந்தது.

நம் நாட்டுச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல்லைக் காணாதவர் உண்டோ? பிள்ளைப்பேற்றின்போது கருவோடு மாண்ட பெண்ணின் நினைவாக, வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி வைக்க நம் முன்னோர் நட்டுவைத்த கல் அது. சுமப்பவனுக்குத் தனியாகச் சுமையை இறக்கவும் ஏற்றவும் இயலாது என்பதை அறிந்தவர்கள் செய்த அறம். சிம்லாவின் அந்தக் கல்சுவரும் ஒரு சுமைதாங்கியே. அதை நாங்கள் எங்கள் சாய்மானமாக ஆக்கிக்கொண்டிருந்தோம்!

அவர் ஊர் அனந்தநாக் என்றார். எங்கள் ஊரைக் கேட்டார், தமிழ்நாடு என்றோம். "நீங்களும் தொலைவிலிருந்துதான்" என்று சிரித்தார். சுமையை மீண்டும் எழுப்பும்போது எங்களுள் இளையவர் கைகொடுத்தார். அதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

1921இல் சிம்லாவுக்கு வந்த காந்தியடிகள், ஆட்சியாளர் ஐந்நூறாவது மாடியில் அமர்ந்துகொண்டு தரையிலுள்ள மக்களின் குரலை எவ்வாறு கேட்பர் என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். அதே காலத்தில், இம்மலை நாட்டில் 'பேகார்' எனப்பட்ட கட்டாயச் சுமைப்பணியை எதிர்த்துக் கோட்கட்டில் வாழ்ந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் மக்களோடு நின்று போராடினார். கட்டாயம் ஒழிந்தது, ஆனால் சுமை ஒழியவில்லை. இன்று கூலி உண்டு. முதுகும் படியும் அவையே.

ஆகவே சிம்லா செல்லும் அன்பர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். மாலில் உலாவுங்கள், கெயிட்டி அரங்கைக் காணுங்கள். ஆனால் அத்துடன் திரும்பிவிடாமல், ஒரு காலை வேளையில் கார்ட் ரோடு வரை இறங்கி, நடந்தே மேலே ஏறுங்கள். சிம்லாவுக்கு மட்டுமன்று, நாம் குடியேறியிருக்கும் எந்த ஊருக்கும் இது பொருந்தும். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் இடையேயுள்ள சாலை ஒன்றை மட்டும் அறிந்தவர், அவ்வூரின் ஒரு மாடியை மட்டுமே அறிந்தவர். ஏறும் வழியில் களைத்தால் தாராளமாக நில்லுங்கள். அந்தக் கல்சுவரை மட்டும் காலியாக விட்டுவையுங்கள்.