பாத்திரக்காரருக்குப் போடுமுன்



வங்கியிலிருந்து ஓய்வு பெற்றபின் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்கிறீர்கள். தைக்கிறேன். மிஷினில் அல்ல, கையால்.

அம்மாவின் நூல் புடவைகள் பெட்டியில் மடிப்போடு இற்றுக்கொண்டிருந்தன. இன்னும் இரண்டு வருடம் விட்டிருந்தால் தூசி துடைக்கத்தான் ஆகும். நான்கை அடுக்கி, சின்னச் சின்னதாக நூலோட்டிப் போர்வையாக்கினேன். ஐந்து மாதம் ஆயிற்று.

வங்காளத்தில் இதைக் காந்தா என்பார்கள். அந்தக் காலத்தில் புடவைக் கரையிலிருந்தே நூலை உருவித் தைப்பார்களாம். கர்நாடகத்தின் உத்தர கன்னடத்தில் சித்தி இனப் பெண்கள் தைப்பது வேறு விதம். ஓரத்தில் தொடங்கி, ஒட்டுத்துணிகளை வைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். மூலைகளில் மடித்த துணியை வைத்து, அதைப் பூ என்பார்கள். முன்கூட்டி அளவு, கணக்கு எதுவும் வேண்டாம். பி.காம். படித்து, காலமெல்லாம் லெட்ஜர் பார்த்தவனுக்கு அதுவே பெரிய நிம்மதி!

மிஞ்சிய துண்டுகள் மேசை விரிப்பாயின. நம் விருத்தாசலத்துப் பீங்கான் கோப்பையை அதன்மேல் வைத்தால் சத்தமே வராது.

வீட்டில் பழைய நூல் புடவை இருந்தால் பாத்திரக்காரரிடம் போடாமல் எடுத்து வாருங்கள். பாலியெஸ்டர் வேண்டாம், வழுக்கும். ஞாயிறு மாலை மொட்டை மாடியில் இருப்பேன். ஊசி, நூல் என் பொறுப்பு. மூக்குக் கண்ணாடியை மறந்துவிடாதீர்கள்.