காற்றை அளந்த பிறகே காற்றாடி

வீட்டு மாடியில் காற்றாடி கட்டி மின்சாரம் எடுக்க விரும்பும் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை.

ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில், கட்டணம் கட்ட முடியாமல் பள்ளியை விட்ட வில்லியம் கம்குவாம்பா என்ற சிறுவன், 2002-இல் பழைய மிதிவண்டிப் பாகங்கள், டிராக்டர் விசிறி ஆகியவற்றைக் கொண்டு காற்றாடி செய்து வீட்டில் விளக்கேற்றினான். நம் பிள்ளைகளாலும் முடியும். ஆனால், இங்கே அந்தக் காற்று இருக்கிறதா?

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகும். தமிழ்நாட்டில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பருவக்காற்று நெருக்கிக்கொண்டு வீசுவதால்தான் முப்பந்தலில் காற்றாலைகள் நிறைந்துள்ளன. நமது கிள்ளான் பள்ளத்தாக்கையோ ஒருபுறம் தித்திவாங்சா மலைத்தொடரும் மறுபுறம் சுமத்திராவும் மறைக்கின்றன. சராசரி வேகம் விநாடிக்கு 2 மீட்டர் அளவே. அதில் 1 மீட்டர் அகலக் காற்றாடி தருவது சுமார் 1 வாட். சாதாரணக் கைப்பேசிக்கு மின்னேற்றவே 5 வாட் வேண்டும். இடிமழையின்போது மட்டும் வேகம் கூடும். அப்போது இறக்கை கழன்றால் அண்டை வீட்டாருக்கு ஆபத்து.

ஆகவே பெற்றோர்களே, பணம் போடுமுன் மாடியில் காற்றுமானி வைத்துச் சில வாரங்கள் அளக்கச் சொல்லுங்கள். பாடம் கற்கப் பிள்ளைகள் சிறு காற்றாடி செய்யட்டும். மின்கட்டணம் குறைய வேண்டுமானால், நமக்குக் கைகொடுப்பது கூரைமேல் சூரியத் தகடுதான்.