லயத்துப் பின்புறத்து மரக்கறிப் பாத்தி



கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் சீதோஷ்ணம் தம் நாட்டுப் பயிர்களுக்கு உகந்ததெனக் கண்ட சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், 1848 ஆம் ஆண்டு அங்கே பண்ணை அமைத்துக் குடியேறிய காலந்தொட்டு, கோவாவும் கரட்டும் லீக்ஸும் அம்மலைக்குப் பெயர் தேடித் தந்திருக்கின்றன. ஆனால், அதே மலைகளில் தேயிலைக் கொழுந்து பறித்து நாட்டுக்குச் செல்வம் சேர்த்த மக்கள், தம் வரிசை வீடுகளாகிய லயங்களின் பின்புறத்தில், வேலைவிட்டு வந்த மாலைப்பொழுதில் கொத்திப் பயிரிட்ட சிறு பாத்திகளைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக் காலத்தில், வீட்டுத்தோட்டம் செய்யவென்று அரசாங்க உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கிடைத்தது. தோட்டத் தொழிலாளிக்கு அத்தகைய விடுமுறை ஏது? அவர்களுடைய பாத்திகளை முன்னிட்டே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, மண். தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி, பீ.எச். பெறுமானம் 4.5 முதல் 5.5 வரையுள்ள நிலத்தில் அது செழிக்கும். மரக்கறிகளிற் பெரும்பாலானவற்றுக்கோ 6 அல்லது 6.5 வேண்டும். எரு இட்டும் நீர் ஊற்றியும் கோவா வெயிலில் வாடி நிற்குமானால், அதைப் பிடுங்கி வேரைப் பாருங்கள்: நார்போலப் பரவியிருக்கவேண்டிய வேர்கள் விரல் விரலாக வீங்கித் திரண்டிருந்தால், புளிப்பு மண்ணிற் பெருகும் வேர்வீக்க நோய் அதுவேயாகும். நடுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னரே டொலமைற்றைத் தூவிக் கொத்திவிடுவதும், கோவா நின்ற இடத்தில் அதன் இனமாகிய நோக்கோலையும் முள்ளங்கியையும் மீண்டும் நடாமல் போஞ்சியை ஊன்றுவதும் இதற்குரிய பரிகாரங்கள். அடுப்புச் சாம்பலும் ஓரளவு புளிப்பைத் தணிக்கும். உருளைக்கிழங்குப் பாத்திக்கு மாத்திரம் அது வேண்டாம், கிழங்கின் தோலிற் சொறி விழும்.

இரண்டாவது, சரிவு. தென்மேற்குப் பருவமழை ஹட்டன் பக்கத்தில் ஓங்கிப் பெய்கையில், மேலிருந்து கீழாக வெட்டிய பாத்தியின் மேல்மண் ஒரே மாதத்தில் தண்ணீர்ப் பீலியடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆகையாற் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே அமைத்து, மேற்பக்கத்தில் ஒரு கான் வெட்டி, கீழ்க்கரையிற் கல் அடுக்குங்கள். அக்கரையோரத்தில் மரத்தக்காளியும், வேலியிற் கொடித்தோடையும், பந்தலிற் சௌசௌவும் தாமாகவே வளரும். கவ்வாத்துக் காலத்துத் தேயிலைக் குச்சிகள் போஞ்சிக் கொடிக்கு நல்ல ஊன்றுகோலாகும். நுவரெலியாவிலுள்ளோர் தை மாசி மாதங்களின் உறைபனி இரவுகளில் நாற்றுகளைச் சாக்கினால் மூடிவைத்தல் அவசியம்.

மூன்றாவது, நில உரிமை. லயத்து நிலம் என்றும் பயிரிட்டவருடையதாக இருந்ததில்லை. அண்மை ஆண்டுகளில் தனி வீடுகளோடு பல குடும்பங்களுக்கு 7 பேர்ச்சஸ், அதாவது ஏறக்குறைய 1,900 சதுர அடி, நிலமும் கொடுக்கப்பட்டது. அத்தகைய வீடு பெற்றவர்களிடமும் பெறப்போகிறவர்களிடமும் என் விண்ணப்பம் ஒன்றே: முற்றம் முழுவதற்கும் சிமெந்து பூசிவிடாதீர்கள், பின்பக்கத்திற் பாதியையேனும் மண்ணாகவே விட்டுவையுங்கள்.